எவரும் மறுக்காத ஊர்

சென்ற திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பழுப்புத் தாளில் அட்டையிட்ட ஆங்கில நாவல் ஒன்றை என் மேசைமீது வைத்தார். "சாமி, அமெரிக்காவில் இருக்கிற மகள் அனுப்பினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் முகம் சுளிக்க ஒரு வரி கிடையாது. நம்ம பிள்ளைங்க கையிலே தைரியமா கொடுக்கலாம். அதோட, கிறிஸ்துமஸ் கதை வேறே" என்றார்.

இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். பல இடங்களில் சிரித்தேன். ஓரிடத்தில் கண்ணும் கசிந்தது. மூடிவைத்தபின் மனத்துள் ஒரு சினம் மூண்டது. முகம் சுளிக்க ஒன்றுமில்லாத நூலின்மீது ஒரு குருவானவருக்கு ஏன் சினம் வரவேண்டும்? அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை. அந்த அம்மையாரும் இதைப் படிப்பார் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

நூலின் பெயர் 'எ சீடர் கோவ் கிறிஸ்துமஸ்'. எழுதியவர் டெப்பி மெக்கோம்பர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1948இல் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் பிறந்த இவர், எழுத்துகளைப் பிரித்தறிவதில் இடர்ப்பாடுடைய குழந்தையாக வளர்ந்தவர். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, வாடகைத் தட்டச்சுப் பொறியில் எழுதக் கற்றவர். இன்று அவருடைய நூல்கள் இருபது கோடிப் படிகளுக்குமேல் அச்சாகியிருப்பதாகப் பதிப்பாளர்கள் கணக்குச் சொல்கின்றனர். தம் கிறிஸ்தவ நம்பிக்கையை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசுபவர். அவருடைய உழைப்பின்மீதோ நேர்மையின்மீதோ எனக்கு ஐயமில்லை. கிறிஸ்துமஸ் தோறும் இத்தகைய கதைகளைப் புத்தகமாகவும் படமாகவும் வடித்துத் தள்ளும் ஒரு பெருந்தொழிலே அமெரிக்காவில் உண்டு. வாழ்த்து அட்டைக்குப் பெயர்பெற்ற ஹால்மார்க் நிறுவனத்தின் தொலைக்காட்சி 2009 முதல் ஆண்டுதோறும் இதற்கென்றே தனிப் பருவம் வகுத்திருக்கிறது. அக்கூட்டத்தில் நான் கண்டவற்றுள் மெக்கோம்பரின் நூல் தரத்தில் உயர்ந்தது. ஆகவேதான் அதை எடுத்துக்கொண்டேன். வலுவற்றதை வீழ்த்துவதில் என்ன பெருமை இருக்கிறது?

கதை இதுதான். சியாட்டில் நகரத்து இளம்பெண் மேரி ஜோ. பெற்றோர் இல்லை, மூன்று சகோதரர்களின் கண்டிப்பில் வளர்ந்தவள். டேவிட் என்பவனை நம்பி ஏமாந்து, நிறைமாதக் கருவுடன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவனைத் தேடிச் சீடர் கோவ் என்னும் சிற்றூருக்கு வருகிறாள். அவன் சொன்னது பொய். அங்கே அவன் இல்லை. ஊரில் தங்க அறையும் கிடைக்கவில்லை. நூலகப் பொறுப்பாளரான கிரேஸ் என்னும் பெண்மணி அவளைத் தம் குதிரைப் பண்ணைக்கு அழைத்துச் செல்கிறார். தொழுவத்துக்கு மேலே காலியாகக் கிடந்த ஒரு சிறு குடியிருப்பில் தங்கவைக்கிறார். கீழே, கோவிலின் பிறப்பு விழாக் காட்சிக்காகக் கொணர்ந்த விலங்குகள், ஒட்டகம் உட்பட, நிற்கின்றன. அன்றிரவே பேறுகால வலி. தீயணைப்புப் படையைச் சேர்ந்த மேக் என்னும் இளைஞன் வந்து பேறு பார்க்கிறான். பெண் குழந்தை. நோயல் என்று பெயர். தங்கையைத் தேடி வழிதவறி அலையும் சகோதரர் மூவரின் குடும்பப் பெயர் 'வைஸ்'. ஆங்கிலத்தில் ஞானிகளைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே ஒலி. மேக்கும் மேரி ஜோவும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகின்றனர்.

பாருங்கள், எத்துணை நயமான விளையாட்டு! அந்தச் சகோதரர் மூவரும் திசை தெரியாமல் சுற்றிவரும் பகுதிகளில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மணமாகாமல் கருவுற்ற பெண்ணொருத்தி ஊருக்குள் வருகிறாள். அவளை யாரும் கூண்டில் நிறுத்தி விசாரிக்கவில்லை. முதலில் நாற்காலி போடுகிறார்கள், குடிக்கக் கொடுக்கிறார்கள். நம் பங்குகளில் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். பங்குப் பேரவைக் கூட்டங்களில் நானும் அமர்ந்திருக்கிறேன். இந்த ஓர் இடத்தில் அமெரிக்க நாவல் நமக்குப் பாடம் சொல்கிறது. அதை மறுப்பது நாணயமாகாது.

அப்படியானால் சினம் எதற்கு?

முதலில், இந்த ஊரில் இரக்கம் எவருக்கும் எதையும் இழக்கச் செய்வதில்லை. குடியிருப்பு முன்பே காலி. பண்ணையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அழைத்த வண்டி குறித்த நேரத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு நாள் மாலை சற்றுப் பரபரப்பாகக் கழிந்தது என்பதற்குமேல் எவரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அறையில்லை என்னும் செய்தி மேரி ஜோவைத் தொழுவத்துக்குக் கொண்டுசேர்க்கும் கதைச் சூழ்ச்சியாக மட்டுமே நிற்கிறது.

லூக்கா நற்செய்தியில் அது அவ்வாறு நிற்கவில்லை. விடுதி என்று நாம் வழக்கமாக வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் 'கட்டலூமா'. இயேசு இறுதி இரவுணவு கொண்ட மேலறையைக் குறிக்கவும் லூக்கா இதே சொல்லைத்தான் ஆள்கிறார். நல்ல சமாரியர் காயமுற்றவரைக் கொண்டுசேர்த்த வணிக விடுதிக்கு அவர் வேறு சொல்லைப் பயன்படுத்துகிறார். எனவே பெத்லகேமில் நிறைந்திருந்தது ஒரு வீட்டின் விருந்தினர் அறை என விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். யோசேப்பின் முன்னோருடைய ஊர் அது. உறவினர் வீடாகவே இருந்திருக்கலாம். குருமடத்தில் இதைக் கேட்ட அன்று எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதம் நடந்தது. உறவினர் கைவிட்டனர் என்பார் சிலர். அந்த நெரிசலிலும் வீட்டின் கீழ்ப்பகுதியில், கால்நடைகள் கட்டும் இடத்தில், யாரோ ஒதுங்கி வழிவிட்டனர் என்பார் வேறு சிலர். எந்த விளக்கத்தைக் கொண்டாலும் அங்கே நெருக்கடி உண்மை. கதவு மூடியவர் ஒருவரை ஒதுக்கினார். திறந்தவர் தம் படுக்கையைச் சுருட்டினார். சீடர் கோவில் எவரும் படுக்கையைச் சுருட்டவில்லை.

இரண்டாவது, மேக் என்னும் அந்த நல்ல இளைஞன். வேறொருவனின் குழந்தையைக் கையில் ஏந்தியவுடனே அவன் மனம் அதன்மீது படிந்துவிடுகிறது. மகிழ்ச்சி. ஆனால் யோசேப்பின் இடத்தில் அவனை நிறுத்திப் பாருங்கள். மத்தேயு காட்டும் யோசேப்பு நேர்மையாளர், ஆகவே துன்புறுகிறார். மரியாவை இகழ்ச்சிக்கு உள்ளாக்க மனமில்லை. ஏற்றுக்கொள்ளவும் வழி தெரியவில்லை. மறைவாக விலகிவிடலாம் என்று எண்ணும் அளவுக்கு அந்த இரவு நீண்டிருக்கிறது. விழித்தெழுந்தபின் அவர் ஏற்றுக்கொண்டது ஒரு பெண்ணை மட்டுமா? ஊராரின் வாயையும் சேர்த்தல்லவா? பிற்காலத்தில் நாசரேத்து மக்கள் இயேசுவை மரியாவின் மகன் என்று குறிப்பிட்டதாக மாற்கு எழுதுகிறார். தந்தையின் பெயரால் மகனை அழைக்கும் சமூகத்தில் அப்பேச்சு பழிச்சொல்லாகவும் இருந்திருக்கலாம் என உரையாசிரியர் சிலர் ஐயுறுகின்றனர். மேக்குக்கு அத்தகைய ஓர் இரவு இந்நூலில் இல்லை. நாவலாசிரியர் அவனுக்கு அதை வழங்கியிருந்தால் அவன் பன்மடங்கு உயர்ந்திருப்பான், நூலும்தான்.

சிற்றூர் என்றாலே அன்பு என்னும் அந்தப் பாட்டைப் பற்றியும் ஒரு சொல். ஒருவரையொருவர் அறிந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். அறிதல் அன்பாகவும் மாறும், கழுத்தை நெரிக்கும் கயிறாகவும் மாறும். நாசரேத்து இயேசுவை நன்றாக அறிந்த ஊர். அவருடைய தாயை, உறவினரை, தொழிலை, எல்லாவற்றையும் அறிந்த ஊர். அந்த ஊர்தான் அவரை மலை விளிம்புக்கு இழுத்துச் சென்று தள்ளிவிடப் பார்த்தது.

நிற்க. காதல் கதை என்பதாலேயே நான் வெகுண்டதாக வாசக அன்பர்கள் எண்ண வேண்டாம். சிற்றூர்க் காதல் கதை ஒன்று நம் திருவிவிலியத்திலேயே இருக்கிறது. அதுவும் பெத்லகேமில். ரூத்து நூலைத்தான் சொல்கிறேன். நான்கே அதிகாரங்கள், ஒரு மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். அதில் நகைச்சுவையும் உண்டு. மருமகளை நீராடச் செய்து, நறுமணம் பூசச் சொல்லி, நல்ல ஆடை உடுத்தச் சொல்லி, போரடிக்கும் களத்துக்கு அனுப்பும் நகோமியின் திட்டத்தைப் படிக்கும்போது, எந்த ஊர்த் தரகு மூதாட்டியும் அவரிடம் பாடம் கேட்கலாம் என்று தோன்றும். நள்ளிரவில் விழித்துக் காலடியில் ஒரு பெண் படுத்திருப்பதைக் கண்டு திடுக்கிடும் போவாசு எந்தக் காதல் நாவலுக்கும் பொருந்துவார்.

ஆனால் அக்கதை எங்கே தொடங்குகிறது? 'அப்பத்தின் வீடு' என்று பொருள்படும் ஊரில், பஞ்சத்தில். பிழைக்கப் போன நாட்டில் நகோமி கணவரையும் இரு புதல்வரையும் இழக்கிறார். திரும்பி வரும்போது தம்மை இன்பத்தின் பெயரால் அழைக்க வேண்டாம், கசப்பு என்று அழையுங்கள் என்கிறார். உடன் வந்த ரூத்து மோவாபியப் பெண். மோவாபியர் ஆண்டவரின் சபையில் நுழையலாகாது என்று இணைச்சட்ட நூல் விதித்திருக்கிறது. அவள் வயலுக்குப் போனதும் காதலுக்காக அன்று, பசிக்காக. அறுவடையின்போது வயலின் ஓரத்தையும் சிந்திய கதிர்களையும் ஏழைக்கும் அந்நியருக்கும் விடவேண்டும் என்னும் லேவியர் சட்டம் இருந்ததால்தான் அவள் போவாசின் கண்ணில் படுகிறாள். அந்தச் சட்டம் இல்லையேல் அந்தக் காதலே இல்லை! ஒரு சமூகம் தன் ஏழைகளுக்கு ஒதுக்கிய ஓரத்தில் முளைத்த காதல் அது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ரூத்தை மீட்க உரிமையுள்ள நெருங்கிய உறவினர் வேறொருவர் உண்டு. நகர வாயிலில் பத்துப் பெரியவர்கள் முன்னிலையில் போவாசு அவரை அமரவைத்துக் கேட்கிறார். நிலம் கிடைக்கும் என்றவுடன் அவர் இசைகிறார். நிலத்தோடு அந்த மோவாபியப் பெண்ணையும் ஏற்று, இறந்தவனின் பெயரை நிலைநிறுத்த வேண்டும் என்றவுடன் கணக்குப் போடுகிறார். தம் சொத்துக்குக் கேடு வரும் என்று பின்வாங்குகிறார். மிதியடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் தீயவரல்லர். நம்மில் பெரும்பாலோர் செய்வதைத்தான் செய்தார். விவிலிய ஆசிரியர் அவருக்குப் பெயரே கொடுக்கவில்லை. 'இன்னார்' என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்.

அவர் மறுத்ததால்தான் போவாசின் இசைவுக்கு எடை ஏறுகிறது. சீடர் கோவில் மறுப்பவர் எவரும் இல்லை. ஒரே தீயவன் டேவிட். அவனும் கதைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறான். அவன் மனம் மாறுவானா என்று நாவல் கேட்பதில்லை. கிறிஸ்து பிறப்பின் பெயரால் எழுதப்பட்ட கதையில், மீட்பு தேவைப்படும் ஒரே மனிதனுக்கு இடமில்லை! அறையில்லை என்று கைவிரிக்கப்பட்டவன் உண்மையில் அவன்தான்.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் பாட்டனார் சார்லஸ் டிக்கன்ஸ். 1843 டிசம்பர் 19ஆம் நாள் வெளியான அவருடைய 'கிறிஸ்துமஸ் கரோல்' முதல் பதிப்பின் 6,000 படிகள் விழாவுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. அதுவும் மகிழ்ச்சியான கதைதான். விருந்து, பாட்டு, பனி எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஆண்டில்தான் அவர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த சிறுவர்களைப் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்திருந்தார். இலண்டனில் கந்தல் உடைச் சிறுவர் பயின்ற இலவசப் பள்ளியைப் போய்ப் பார்த்திருந்தார். ஆகவே விருந்தின் நடுவில், கிறிஸ்துமஸ் ஆவியின் நீண்ட அங்கிக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாய் இரு குழந்தைகள் வெளிப்படுகின்றனர்: அறியாமை என்னும் சிறுவன், இல்லாமை என்னும் சிறுமி. கதையின் இறுதியில் மீட்கப்படுபவனோ ஊரிலேயே மிகக் கொடிய கஞ்சன். பேரப் பிள்ளைகளான இன்றைய நாவல்கள் பாட்டனாரின் அங்கியை மட்டும் வாங்கிக்கொண்டன. அதை உதறி, உள்ளே இருந்த இருவரையும் எங்கோ இறக்கிவிட்டன.

சீடர் கோவ் கற்பனை ஊர். அதற்கு மாதிரி, மெக்கோம்பர் வாழும் போர்ட் ஆர்ச்சர்டு என்னும் உண்மையான ஊர். 2009இல் வாசகர்களை வரவேற்று அவ்வூரார் சீடர் கோவ் விழாவே கொண்டாடினார்கள். உண்மை ஊர் தன் கற்பனைப் படத்தைப் பார்த்து வேடமிட்டுக்கொண்டது. அந்த ஊரின் கரையில் நின்றால் எதிர்க்கரையில் தெரிவது பிரெமர்டன் நகரின் கடற்படைக் கப்பல் தளம். அதே கிட்சாப் மாவட்டத்தில், பேங்கர் என்னுமிடத்தில், அணு ஆயுத ஏவுகணைகளைச் சுமக்கும் டிரைடென்ட் நீர்மூழ்கிக் கப்பல்களின் தளம் இருக்கிறது. இதைச் சொல்வதற்கு ஒரு காரணமுண்டு. அப்பகுதி சியாட்டில் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1975 முதல் 1991 வரை அங்கே பேராயராக இருந்தவர் ரேமண்ட் ஹன்ட்ஹவுசன். 1981இல் அவர் அந்தத் தளத்தை நாசிகளின் ஆஸ்விட்சு கொலை முகாமுக்கு ஒப்பிட்டுப் பேசினார். மறு ஆண்டு, தம் வருமான வரியில் பாதியைச் செலுத்த மறுத்தார். அவருடைய மக்களில் பலருக்குக் கப்பல் தளமே சோறு போட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். எத்தனை வீடுகளில் அவரைத் திட்டியிருப்பார்கள்! ஒரே கடற்கரை, அமைதியின் அரசர் பிறந்த நாள் பற்றி அங்கிருந்து எழுந்த இரு குரல்கள். ஒன்று கோடிக்கணக்கில் விற்றது.

மெக்கோம்பரின் நாவல்களில் கடற்படைக் குடும்பங்கள் வருகின்றன. கணவன் கடலுக்குப் போகிறான், மனைவி காத்திருக்கிறாள். அந்தக் கப்பல் எதைச் சுமந்து போகிறது என்னும் கேள்வி நான் படித்தவரையில் எழவில்லை. பொழுதுபோக்கு நாவலில் அணுகுண்டைத் தேடுவது குருவானவரின் குசும்பு என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். குடிலை அக்கதைக்குள் கொண்டுவந்தவர் நானல்லவே.

"நாள் முழுதும் உழைத்துக் களைத்தவன் சற்று இனிமையாக எதையாவது படித்துவிட்டு உறங்கக்கூடாதா?" என்று என் நண்பரான குருவானவர் ஒருவர் கேட்டார். உறங்கலாம். கானாவூரில் திராட்சை இரசம் தீர்ந்தபோது ஆண்டவர் மறையுரை ஆற்றிக்கொண்டிருக்கவில்லை. பேக்கரி நடத்தும் பெண்ணும் மரம் வெட்டும் இளைஞனும் பனியில் சந்தித்துக் காதலித்துத் திருமணம் செய்துகொள்ளட்டும். அதைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதமாட்டேன். ஆனால் தொழுவம், நிறைமாதத் தாய், இடமில்லாத ஊர், மூன்று ஞானியர் என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியபின், அவற்றின் நடுவில் கிடப்பது எவரிடமும் எதையும் கேட்காத ஓர் அழகிய குழந்தை என்றால், அங்கேதான் என் மறுப்பு. ஏரோதைக் கலங்கவைத்த குழந்தை அல்லவா அது? சிமியோன் கையில் ஏந்தியபோது தாயின் உள்ளத்தில் வாள் பாயும் என்று சொல்லவைத்த குழந்தை. நோயலைக் கண்டு எந்த அரசனும் கலங்கமாட்டான்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் பழைய மறையுரைக் குறிப்பேடுகளைப் புரட்டினேன். இருபத்தைந்து ஆண்டுகளில் நடு இரவுத் திருப்பலிகளுக்காக நான் எழுதியவை. குளிர், விண்மீன், தாலாட்டு, அன்பு, சமாதானம். அவற்றில் பலவற்றைச் சீடர் கோவ் கோவிலில் ஒரு சொல்கூட மாற்றாமல் வாசித்திருக்கலாம். ஏரோதுக்கு அவற்றில் நான் கொடுத்த இடம் மொத்தமாக இரண்டு பக்கம் தேறாது. ஆகவே நாவலாசிரியர்மீது எறிய எடுத்த கல்லைப் பாதி வழியில் கீழே போட வேண்டியதாயிற்று. மீதிப் பாதிக்காக இக்கட்டுரை.

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த ஆசிரியையிடம் ரூத்து நூலை மறுபடியும் ஒரே மூச்சில் படித்துப்பார்க்கச் சொன்னேன். மறு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வந்தார்.

"படிச்சேன் சாமி. கட்டிக்கமாட்டேன்னு போனாரே அந்த மனுஷன், அவருக்கு வீட்டிலே பெண்சாதி பிள்ளைங்க இருந்திருக்கும் இல்லையா? அவரும் பாவம்தானே?"

இருந்திருக்கும் என்றேன்.

"அவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்னு ராத்திரி பூரா யோசிச்சேன். தூக்கமே வரலை" என்றார். பிறகு, "அந்தக் கிறிஸ்துமஸ் நாவலை நம்ம மாதா சபைத் தலைவி கேட்டிருக்காங்க, கொடுக்கவா?" என்றார்.

கொடுங்கள் என்றேன்.